டிஸ்க் காணாமல் போன நேரத்தில் லொக் எங்கே போனது?

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு கணக்கியல் அலுவலகம் இருக்கிறது. இருபதுக்குக் கிட்டிய மேசைக் கணினிகள், பெரும்பாலும் லினக்ஸ் வகையான உபுண்டு 22.04. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, விண்டோஸ் உரிமத்துக்குக் காசு கட்ட முடியாமல் முன்பக்க வேலைகளை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றிய அலுவலகங்களில் இதுவும் ஒன்று. அங்கே தரவு பதியும் மேசையில் இருந்த ஒரு கணினி கிழமைக்கு ஒருமுறையோ இருமுறையோ, பெரும்பாலும் பின்னேரங்களில், நின்று போய்க்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எல்லாக் கணினிகளின் லொக்குகளையும், அதாவது கணினி தன்னில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவுகளையும், ஓரிடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தோம். எப்படிச் செய்தோம், எங்கே இடறியது, கடைசியில் என்ன வெளிவந்தது என்பதை, இதே வேலையை வேறு அலுவலகத்தில் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், கணினி கெட்டுப்போனதைவிடப் பெரிய ஒரு சங்கடம் அங்கே இருந்தது. அந்த மேசையில் வேலை செய்த பிள்ளை சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணினி நிற்கும் ஒவ்வொரு முறையும் பதிந்த வவுச்சர்கள் பாதியில் போய்விடும். வேறு எந்தக் கணினிக்கும் இப்படி நடக்கவில்லை. முகாமையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, அவ வேணுமெண்டு பவர் பட்டனை அமத்துறாவோ? அதையும் ஒருக்கா பாருங்கோ." அந்தப் பிள்ளை சொன்னது வேறு: "அண்ணா, நான் தொடவே இல்ல. மவுஸ் மட்டும் ஓடுது. எதை அமத்தினாலும் திறக்குதில்ல. பிறகுதான் பட்டனைப் பிடிச்சு நிப்பாட்டுறன்."

மவுஸ் ஓடுகிறது, வேறெதுவும் திறக்கவில்லை. இந்த ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. கணினி முழுதாக உறைந்தால் மவுஸும் நிற்கும். மவுஸ் ஓடுகிறது என்றால் இயங்குதளத்தின் மையமான கேர்னல் உயிரோடுதான் இருக்கிறது. நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் நிரல்கள் ஓடுகின்றன. புதிதாக எதையாவது டிஸ்கிலிருந்து எடுக்கப் போனால்தான் மாட்டிக்கொள்கிறது.

அப்படியானால் லொக்கில் இருக்க வேண்டுமே? இல்லை. அதுதான் இந்த நிகழ்வின் மையம்.

எனக்கு முன்னர் வந்த திருத்துநர் ரேமை மாற்றினார், பவர் சப்ளையை மாற்றினார், கடைசியில் உபுண்டுவையே அழித்து மீள நிறுவினார். அதோடு பழைய லொக் எல்லாம் போயிற்று. மீள நிறுவிய பிறகும் கணினி நின்றது. நான் போய் சிஸ்லாக் என்ற பொது லொக் கோப்பைத் திறந்தபோது, நின்ற நேரத்துக்குச் சற்று முன்வரை வழக்கமான வரிகள். அப்புறம் ஒரு வெற்றிடம். அதன் பிறகு புதிதாக பூட் ஆன வரிகள். ஜேர்னல் என்ற இன்னொரு லொக் கோப்பு ஒழுங்காக மூடப்படவில்லை, பெயர் மாற்றிப் புதியது தொடங்கப்படுகிறது என்ற அறிவிப்பும் இருந்தது. 'லாஸ்ட்' கட்டளை அந்த அமர்வின் முடிவைக் 'கிராஷ்' என்று காட்டியது. வயரைப் பிடுங்கினாலும் இதே தடயங்கள்தான் வரும். ஆகவே அந்தக் கணினியின் சொந்த லொக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் முகாமையாளரின் சந்தேகத்தை மறுக்க எந்தச் சான்றும் இல்லை. சான்று இல்லாத இடத்தில் புதிதாக வந்த ஊழியர்மேல் பழி விழுவது எவ்வளவு எளிது என்பதை நேரில் பார்த்தபோது எனக்கு மனம் பாரமாகவே இருந்தது.

வெற்றிடம் ஏன் வருகிறது என்பதை இங்கே ஆறுதலாகப் பார்க்க வேண்டும். லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஜேர்னல் ஒவ்வொரு வரியையும் உடனே டிஸ்கில் உறுதியாக எழுதுவதில்லை. இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒத்திசைக்கும். மிகத் தீவிரமான மூன்று மட்டங்களில் ஒரு செய்தி வந்தால் மட்டும் உடனே எழுத முயலும். சிஸ்லாக் கோப்பை எழுதும் நிரலான ஆர்சிஸ்லாக்கின் சாதாரண எழுத்துக் கோப்புகளும் முதலில் கேர்னலின் நினைவகத்தில் தங்கி, பல வினாடிகள் கழித்தே டிஸ்குக்குப் போகும். அதாவது திடீரென நிற்கும் கணினியில், நமக்கு மிக வேண்டிய கடைசி நிமிடம்தான் முதலில் தொலையும்.

டிஸ்கே பிரச்சினை என்றால் நிலைமை இன்னும் மோசம். உபுண்டு நிறுவும்போது மூலக் கோப்பு முறைமைக்கு ஒரு விதி போடப்படும்: பிழை வந்தால் வாசிப்புக்கு மட்டும் என்று மாற்றிவிடு. தரவைக் காப்பாற்ற நல்ல விதி. ஆனால் அந்தக் கணத்திலிருந்து லொக்கையும் எழுத முடியாது. டிஸ்க் இணைப்பு அறுந்தது என்ற செய்தியை, அறுந்துபோன அதே டிஸ்கில் எழுத எந்த மென்பொருளாலும் முடியாது. வெளியே அனுப்பினால் மட்டுமே அந்தச் செய்தி பிழைக்கும். கணினியில் மின்சாரம் இருக்கிறது, நெட்வேர்க் கார்டு வேலை செய்கிறது, ஆர்சிஸ்லாக் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுப்புவதற்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

அனுப்பும் வழி புதிதல்ல. லொக்கை எழுதவும் அனுப்பவும் உதவும் சிஸ்லாக் முறையை 1980களில் எரிக் ஓல்மன் பேர்க்லியில் தன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் ஒரு பகுதியாக எழுதினார். பல ஆண்டுகள் எழுதப்படாத வழக்கமாகவே அது ஓடியது. 2001 இல்தான் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் நடைமுறையில் இருந்ததை விவரித்தது. 2009 இல் ஆர்எஃப்சி 5424 ஒழுங்கான தரமாக வந்தது. இன்று உபுண்டுவில் இருக்கும் ஆர்சிஸ்லாக்கை ரைனர் கெர்ஹார்ட்ஸ் 2004 இல் தொடங்கினார். இந்த வரலாறு ஏன் வேண்டும் என்றால், பழைய வடிவத்தின் குறை ஒன்று பின்னால் எங்களை நேரடியாகக் கடித்தது. அதற்கு வருகிறேன்.

சேர்வருக்குப் பெரிய செலவு இல்லை. ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய மேசைக் கணினி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய இரண்டு புதிய டிஸ்குகள், இரண்டும் ஒன்றையொன்று நகலெடுக்கும் ரெயிட் 1 அமைப்பு. கணினி ஒன்று நாளுக்கு 5 எம்பி லொக் தருகிறது என்று வைத்தால், 20 கணினிக்கு ஒரு நாளில் 100 எம்பி, ஓர் ஆண்டில் 36.5 ஜிபி. லொக்ரொட்டேட் பழையவற்றைச் சுருக்கி வைக்கும். எழுத்துக் கோப்பு நன்றாகவே சுருங்கும். ஆகவே இடம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

சேர்வரில் ஆர்சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்பில் யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் எறிந்துவிடும் முறை), டிசிபி (இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் முறை) இரண்டுக்குமான உள்வாங்கி மொடியூல்களைத் திறந்து, இரண்டையும் 514 ஆம் போர்ட்டில் கேட்கச் செய்தோம். மேசைக் கணினியில் இன்னும் எளிது: எல்லாப் பிரிவுகளும் எல்லா மட்டங்களும் என்று எழுதி, பக்கத்தில் சேர்வரின் ஐபி முகவரி. முகவரிக்கு முன்னால் ஒரு @ போட்டால் யூடிபி, இரண்டு @@ போட்டால் டிசிபி. சேர்வரைப் பெயரால் அல்ல, எண் முகவரியால் குறித்தோம். டிஸ்க் அறுந்த கணினி பெயர் தேடப் போய் அங்கே ஒரு முறை மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சோதனைக்கு 'லொகர்' கட்டளையால் ஒரு வரி அனுப்பினோம். சேர்வரில் எதுவும் பதியவில்லை. ஆனால் நெட்வேர்க்கில் வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டினால் பக்கெட் (தரவுத் துண்டு) வந்து சேர்வது தெரிகிறது! இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். டிசிபிடம்ப் பக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வோலுக்கு முன்னால். அது காட்டுகிறது என்பதற்காக ஆர்சிஸ்லாக்கிடம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. சேர்வரின் ஃபயர்வோலான யூஎஃப்டபிள்யூ 514 ஐ மறித்துக்கொண்டிருந்தது. அலுவலக நெட்வேர்க்கிலிருந்து மட்டும் அனுமதி கொடுத்ததும் வரி வந்தது. எல்லா முகவரிக்கும் திறந்துவிடாதீர்கள். சிஸ்லாக் யூடிபியில் அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் வழியே இல்லை. யாரும் யார் பெயரிலும் பொய் வரி எழுதலாம்.

அடுத்த குழப்பம் பெயரால் வந்தது. சேர்வரில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கோப்பு வருமாறு, செய்தியில் இருக்கும் ஹோஸ்ட்நேமை, அதாவது கணினியின் பெயரை, வைத்து வார்ப்புரு எழுதியிருந்தோம். பாதிக் கணினிகளின் வரிகள் ஒரே கோப்பில் கலந்து விழுந்தன. ஒரு கணினியில் உபுண்டு நிறுவி, அந்த டிஸ்கை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்திருக்கிறார்கள். பெயரும் சேர்ந்து நகலாகியிருந்தது. செய்திக்குள் இருக்கும் பெயர் அனுப்புபவர் சொல்வது. பக்கெட் எந்த ஐபியிலிருந்து வந்தது என்பது சேர்வர் தானே காண்பது. கோப்பைப் பிரிக்க இரண்டாவதையே நம்ப வேண்டும். ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் அதன் நெட்வேர்க் கார்டின் மேக் முகவரிப்படி நிலையான ஐபி ஒதுக்கிவிட்டு, வார்ப்புருவை மாற்றினோம். பெயர்களையும் பிறகு ஆறுதலாகத் திருத்தினோம்.

யூடிபியா டிசிபியா என்பதில் நான் உறுதியாக டிசிபி பக்கம். 'லொகர்' வரிகளைச் சரமாரியாக அனுப்பிப் பார்த்தால் யூடிபியில் சில வரிகள் சத்தமில்லாமல் தொலையும்; தொலைந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் டிசிபிக்கும் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, இணைப்பு அறும் கணத்தில் அனுப்பும் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) இருந்த வரிகள் போய்விடலாம், ஏனென்றால் சாதாரண சிஸ்லாக்கில் மறுபக்கம் 'கிடைத்தது' என்று பதில் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கெர்ஹார்ட்ஸ் ரெல்ப் என்ற நெறிமுறையை உருவாக்கினார். இந்த அலுவலகத்துக்கு அந்தளவு தேவைப்படவில்லை.

இரண்டாவது ஆபத்துதான் பயங்கரம். சேர்வர் நின்றுபோனால், டிசிபியில் அனுப்பக் காத்திருக்கும் ஆர்சிஸ்லாக்கின் பிரதான வரிசை மெல்ல நிரம்பும். நிரம்பியதும் லொக் எழுத வரும் நிரல்கள் காத்திருக்கத் தொடங்கும். உள்நுழைவும் லொக் எழுதும், நிர்வாகி அனுமதி தரும் சூடோவும் லொக் எழுதும். கடைசியில் ஒரு லொக் சேர்வர் நின்றதற்காக அலுவலகம் முழுவதும் மேசைக் கணினிகள் திணறும். இதைத் தவிர்க்க அனுப்பும் செயலுக்கு மட்டும் தனி வரிசை கொடுக்க வேண்டும்: இணைப்புப் பட்டியல் வகை வரிசை, முடிவில்லாமல் மீள முயல ரிசியூம் ரீட்ரை கவுண்டை -1 ஆக வைத்தல், வரிசைக்கு ஓர் உச்ச அளவு. வரிசைக்கு ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால், நினைவகம் நிரம்பும்போது டிஸ்கில் வழியவிடும். நேராக டிஸ்கிலேயே இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கள் பிரச்சினையே டிஸ்க் என்றிருக்க, செய்தியை முதலில் டிஸ்கில் வைத்துவிட்டுப் பிறகு அனுப்பு என்பது வேலைக்கு ஆகாது. நினைவகம் முதலில், டிஸ்க் கடைசிப் புகலிடம்.

எல்லாம் பூட்டியாயிற்று, காத்திருந்தோம். கணினி நின்றது. அந்தப் பிள்ளை இந்த முறை பட்டனை அமத்தாமல் என்னை அழைத்தார். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். சேர்வரிலிருந்து பிங் செய்தால் பதில் வருகிறது. உயிரோடிருக்கிறது.

சேர்வரில் அந்தக் கணினியின் கோப்பைத் திறந்தோம். மேசைக் கணினியின் சொந்த லொக்கில் வெற்றிடமாக இருந்த அதே இடம் இங்கே நிரம்பியிருந்தது. முதலில் ஏடிஏ1 என்ற டிஸ்க் இணைப்பில் விதிவிலக்கு, வாசிப்புக் கட்டளை தோல்வி, அடைப்புக்குள் தரவு பழுதாகி வந்ததைக் குறிக்கும் பேட்சிஆர்சி என்ற கொடி. பிறகு இணைப்பை மீளத் தொடக்கும் முயற்சிகள். பிறகு சாட்டா வேகத்தை 3.0 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறைக்கிறேன் என்ற எச்சரிக்கை. பிறகு இணைப்பு இல்லை. கடைசியில் கோப்பு முறைமையான எக்ஸ்டி4 இன் பிழை, ரீட்-ஒன்லி. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். அதன் பிறகும் வரிகள் வந்துகொண்டே இருந்தன, டிஸ்கை எழுத முடியவில்லை என்று ஒவ்வொரு நிரலும் முறையிட்டபடி.

செய்தியின் தலையில் இருக்கும் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. செய்தி எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று காட்டும் பிரிவு எண்ணை 8 ஆல் பெருக்கி, தீவிர மட்டத்தைக் கூட்டினால் அது வரும். கேர்னலின் பிரிவு 0. ஆகவே கேர்னல் செய்திகளுக்குத் தலையெண்ணே தீவிர மட்டம். ஏடிஏ வரிகள் 3, அதாவது பிழை. எக்ஸ்டி4 வரிகள் 2, அதாவது நெருக்கடி; எண் குறையக் குறையத் தீவிரம் கூடும். இந்த எண்களை வைத்து, கேர்னலிலிருந்து 3 அல்லது அதற்குக் கீழ் வரும் எதையும் தனிக் கோப்பில் பிரித்து வைத்தோம். காலையில் திறந்து பார்க்க வேண்டியது அந்த ஒரு கோப்புத்தான்.

பவர் பட்டன் கேள்விக்கு இத்தோடு பதில் கிடைத்துவிட்டது. பட்டனை அமத்தியது காரணமல்ல, விளைவு. டிஸ்க் போன பிறகு அந்தப் பிள்ளை செய்யக்கூடியது அது ஒன்றுதான். முகாமையாளரை சேர்வருக்கு முன்னால் இருத்தி, வரி வரியாகக் காட்டினேன். அவர் உள்ளே போய் அந்தப் பிள்ளையிடம் தானே கதைத்தார். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஏன் பின்னேரத்தில்? டிஸ்க் கெட்டதா, வயரா? டிஸ்கின் உடல்நலக் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினோம். 5 ஆம் இலக்கம், அதாவது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்), பூச்சியம். 197 ஆம் இலக்கம், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள், அதுவும் பூச்சியம். 199 ஆம் இலக்கம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 199 என்பது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு போகும்போது ஏற்படும் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை. தகடு நலம், வழிதான் கெட்டிருக்கிறது: கேபிள் அல்லது அதன் முனை. புது டிஸ்க் வாங்கியிருந்தால் காசும் போய், கணினியும் மறுபடி நின்றிருக்கும்.

நேரத்துக்கான விடை வேறொரு கணினியில் இருந்தது. எல்லா லொக்கையும் ஒரே இடத்தில் கூட்டுவதன் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது. அந்த அறையில் வவுச்சர் அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று உண்டு. மேசையில் இடம் போதாமல் அதை இந்தக் கணினியின் உறைமேல் வைத்திருந்தார்கள். ஆனால் அது இந்தக் கணினியோடு இணைக்கப்படவில்லை; மொனிட்டர் இல்லாத ஒரு சிறு பிரிண்ட் சேர்வரோடு இணைந்திருந்தது. அதில் அச்சு வேலைகளை நடத்தும் கப்ஸ் மென்பொருளின் லொக்கையும் சிஸ்லாக்குக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்தோம். அச்சுப் பிரிவின் எண் 6, தகவல் மட்டம் 6, ஆகவே தலையெண் 54. டிஸ்க் பிழை வந்த நேரத்தையும் அச்சு வேலை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. டிஸ்க் பிழை பின்னேரம் 2:40 க்கு. பிரிண்டரோ காலையில் 9:10 க்குத்தான் நீண்ட வேலை ஒன்றை அடித்திருக்கிறது.

2:40 இலிருந்து 9:10 ஐக் கழித்துப் பாருங்கள். ஐந்தரை மணித்தியாலம்.

நான் முன்னே சொன்ன பழைய வடிவத்தின் குறை இதுதான். ஆர்எஃப்சி 3164 வடிவத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி உண்டு. ஆண்டு இல்லை, நேர வலயம் இல்லை. உபுண்டு சேர்வர் பதிப்பை நிறுவும்போது நேர வலயம் யூடிசியாகவே, அதாவது உலகப் பொது நேரமாகவே, இருக்கும். நாமாக மாற்ற வேண்டும். மொனிட்டர் இல்லாத கணினியில் கடிகாரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? அது யூடிசியில் எழுதியது, மற்றவை கொழும்பு நேரத்தில் எழுதின, வலயக் குறி எதிலும் இல்லை. கொழும்பு யூடிசியைவிட 5:30 மணித்தியாலம் முன்னால் என்ற நிலைக்கு மீண்டும் வந்ததும்கூட 2006 ஏப்ரலில்தான்; 1996 இல் 6:30 ஆக மாற்றி, அதே ஆண்டில் 6:00 ஆக்கி, பத்தாண்டு அப்படியே வைத்திருந்தார்கள். பழைய ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் உதைக்கும்.

ஆர்சிஸ்லாக் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நேரங்களை வைத்திருக்கிறது: அனுப்பியவர் எழுதிய நேரம், சேர்வர் பெற்றுக்கொண்ட நேரம். வார்ப்புருவில் இரண்டையும் பதியச் செய்தோம், ஆண்டும் வலயமும் சேர்ந்த நீண்ட வடிவத்தில். பெற்றுக்கொண்ட நேரத்தால் ஒப்பிட்டதும் இரண்டும் பொருந்தின. நீண்ட வவுச்சர்த் தொகுதி அடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் டிஸ்க் பிழை. வேறு நாட்களைப் பார்த்தாலும் அப்படித்தான். பின்னேரம் என்பதன் இரகசியம் இவ்வளவுதான்: அன்றைய வவுச்சர்களை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தமாக அடிப்பது அலுவலக வழக்கம்.

ஒரு நேரம் போதாதா என்று கேட்கலாம். போதாது. வரிசையில் காத்திருந்து வந்த வரிக்குப் பெற்றுக்கொண்ட நேரம் பிந்தும். கடிகாரம் பிழையான கணினிக்கு அனுப்பிய நேரம் பிழையாகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு தகவல். கடிகாரத்தை ஓடவைக்கும் சிமோஸ் பற்றரி செத்த கணினி மின்வெட்டுக்குப் பிறகு எழும்பும்போது, நெட்வேர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி திருத்தும்வரை பழைய தேதியில் எழுதும். இடைவெளியைப் பார்த்தே அப்படி ஒரு கணினியையும் கண்டுபிடித்தோம்.

உறையைத் திறந்தோம். சாட்டா கேபிளின் முனையில் பிடிக்கும் கிளிப் இல்லை, விரலால் தொட்டாலே ஆடியது. மேலே இருந்த பிரிண்டரின் தலை ஓடும்போது உறை முழுவதும் அதிர்கிறது. கிளிப் உள்ள கேபிள் போட்டோம், பிரிண்டரைத் தனி மேசைக்கு மாற்றினோம். பிறகு வேண்டுமென்றே நீண்ட தொகுதியொன்றை அடித்து, 199 ஏறுகிறதா என்று பார்த்தோம். ஏறவில்லை. பிரிண்டரை மறுபடி உறைமேல் வைத்து அடித்தும் பார்த்தோம், புதுக் கேபிளோடு அப்போதும் ஏறவில்லை. பழைய கேபிளை மாட்டினால் உடனே ஏறியது. இந்த எதிர்ச்சோதனையைச் செய்யாமல் காரணம் கண்டோம் என்று அறிக்கை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

திருத்தம் முடிந்தது. ஆனால் லொக் சேர்வரை எடுத்துவிடவில்லை. அதைத் தொடர்ந்து நடத்த மூன்று விடயங்களை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

முதலாவது, மௌனம். ஒரு கணினியிலிருந்து வரி வரவில்லை என்றால் எல்லாம் நலமா, அல்லது அனுப்புவதே நின்றுவிட்டதா? ஒரு மென்பொருள் மேம்படுத்தல் அமைப்புக் கோப்பை மாற்றிவிட்டால் அனுப்புவது சத்தமில்லாமல் நிற்கும். பல மாதம் கழித்து ஒரு சிக்கல் வந்து தேடும்போதுதான் கோப்பு காலி என்று தெரியும். ஆர்சிஸ்லாக்கில் மார்க் என்ற சிறு மொடியூல் உண்டு. இயல்பாக 1200 வினாடிக்கு ஒருமுறை, அதாவது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 'நான் இருக்கிறேன்' என்று ஒரு வரி போடும். எல்லாக் கணினிகளிலும் அதை இயக்கினோம். அலுவலக நேரத்தில் ஒரு மணித்தியாலமாக மார்க் வராத கணினியின் பெயரைச் சேர்வர் மின்னஞ்சலில் அனுப்பும். இந்த முழு ஏற்பாட்டிலும் நான் அதிகம் மதிப்பது இந்தச் சிறு பகுதியைத்தான். லொக்கை அனுப்ப வைப்பது அரை மணி வேலை. வராமல் போன லொக்கை அன்றைக்கே அறிவதற்குத்தான் யோசிக்க வேண்டும், ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஊழியர்கள். லொக்கில் யார் எப்போது உள்நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பது இருக்கும். கப்ஸ் பதிவில் அச்சடித்த ஆவணத்தின் தலைப்பும் வரலாம். அது ஒரு வாடிக்கையாளரின் பெயராகவோ ஊழியரின் சொந்தக் கடிதமாகவோ இருக்கலாம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லாமல் செய்வது சரியில்லை. ஆவணத் தலைப்புகளை வடிகட்டி நீக்கினோம். என்ன சேகரிக்கிறோம், எதற்கு, எவ்வளவு காலம், யார் பார்க்கலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எல்லோருக்கும் கொடுத்தோம். தேவையில்லாததைச் சேர்க்காமல் விடுவது பாதுகாப்பிலும் சிறந்த பாதுகாப்பு. ஓர் ஊழியரைப் பழியிலிருந்து காப்பாற்றிய ஏற்பாடு நாளைக்கு ஊழியர்களை வேவு பார்க்கும் கருவியாக மாறக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே நின்றேன். முகாமையாளரும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் கரண்ட் போனது. மேசைக் கணினிக்கும் சேர்வருக்கும் யூபிஎஸ் இருக்கிறது, நடுவில் இருக்கும் நெட்வேர்க் சுவிட்சுக்கு இல்லை என்றால், கரண்ட் போன கணத்தின் லொக் எதுவும் வந்து சேராது. வரிசை காப்பாற்றி வைக்கும்தான், ஆனால் சுவிட்ச் மீண்டும் எழும்பும்வரை அந்தக் கணினி நிற்காமல் இருந்தால் மட்டும். இந்த அலுவலகத்தில் சுவிட்ச் சுவரில் தனிப் பிளக்கில் இருந்தது. அதை யூபிஎஸ்ஸுக்கு மாற்றியது ஒரு வயரை இழுக்கும் வேலைதான்.

கணக்காளரின் விண்டோஸ் கணினி ஒன்று பாக்கி இருந்தது. விண்டோஸுக்குச் சொந்தமாக சிஸ்லாக் அனுப்பும் வழி இல்லை. அதற்கான என்எக்ஸ்லொக் மென்பொருளைப் போட்டு, தோல்வியடைந்த உள்நுழைவான 4625, பாதுகாப்புப் பதிவு அழிக்கப்பட்டதற்கான 1102, எதிர்பாராத நிறுத்தத்துக்கான 6008 ஆகிய நிகழ்வெண்களை மட்டும் அனுப்பச் செய்தோம். எல்லாவற்றையும் அனுப்பினால் அந்த ஒரு கணினியின் இரைச்சலில் மற்றவை மூழ்கிவிடும்.

இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 12 பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2023 இல் வந்த அந்தப் பதிப்பில் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. சிஸ்லாக் கோப்பைத் தேடிக் காணாமல் திகைக்க வேண்டாம். ஜேர்னல் மட்டும்தான் இருக்கும். ஆர்சிஸ்லாக்கை நிறுவிய பிறகு மேலே சொன்னவை அப்படியே பொருந்தும்.

கேர்னலே விழுந்துவிடும் வகைக் கோளாறுக்கு இந்த ஏற்பாடு போதாது, ஏனென்றால் அப்போது ஆர்சிஸ்லாக்கும் நின்றுவிடும். அதற்கு நெட்கொன்சோல் என்ற மொடியூல் இருக்கிறது. கேர்னல் தன் கடைசி வரிகளை எந்த நிரலின் உதவியும் இல்லாமல் நேராக யூடிபி பக்கெட்டாக, இயல்பாக 6666 ஆம் போர்ட்டுக்கு, எறிந்துவிடும். வயர் இணைப்பு வேண்டும், வைஃபையில் சரிவராது. பழைய கணினிகள் இரண்டில் அதைப் பூட்டியிருக்கிறோம்.

இனிச் செய்ய இருப்பது கொட்டாஞ்சேனையில் உள்ள அவர்களின் சிறு கிளை. அங்கிருந்து வரும் லொக் இணையத்தின் ஊடாக வர வேண்டும். உள்நுழைவுப் பெயர்கள் எல்லாம் வெறும் எழுத்தாகத் தெருவில் போவதை ஏற்க முடியாது. ஆகவே 6514 ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் மறைகுறியாக்கம், இரு பக்கமும் சான்றிதழ். சான்றிதழ்களை உருவாக்கியாயிற்று. கிளையின் ரவுட்டரை மாற்றியதும் இணைப்போம்.